பிரவுசர் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

"பிரவுசர் என்று பேச்செடுத்தாலே அடிதடி ஆகிவிடுகிறது. ஒருவர் குரோம் உளவு பார்க்கும் என்கிறார், இன்னொருவர் பயர்பாக்ஸில் பாதுகாப்பு போதாது என்கிறார், மூன்றாமவர் பிரேவைத் தவிர எதையும் தொடாதே என்கிறார். யார் சொல்வது உண்மை? இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளுக்காக ஏன் இவ்வளவு கோபம்? குரோமில் இருக்கும் நான் மாற வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் இருவர் சொல்வதும் பெருமளவு உண்மைதான். ஆனால் இருவரும் பயப்படுவது வேறு வேறு ஆட்களுக்கு. ஒருவருடைய பயம், முன்பின் தெரியாத ஒருவன் ஒரு வலைப்பக்கத்தின் வழியாகக் கணினிக்குள் புகுந்துவிடுவான் என்பது. மற்றவருடைய பயம், பிரவுசரைச் செய்து தந்த நிறுவனமே தன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பது. முதல் பயத்துக்குக் குரோம் நல்ல பதில் வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு அதனிடம் சங்கடமான பதில்தான் உண்டு, ஏனென்றால் கூகுள் பிழைப்பதே விளம்பரத்தில். உலாவிய தடத்தைக் கணினியில் சேமிக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் உலாவியவர்களின் தகவலையும் சேகரித்தது என்று 2020-இல் தொடரப்பட்ட வழக்கில், 2024-இல் சமரசத்துக்கு வந்து, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. அதனால் குரோம் ஹேக்கருக்கு எளிதில் உடையும் என்று ஆகிவிடாது. அதேபோல, பயர்பாக்ஸின் பின்னால் மொஸில்லா என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இருக்கிறது என்பதற்காக, வலைப்பக்கங்களின் நிரலை ஓட்டும் அதன் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினில் ஓட்டை குறைந்துவிடாது. ஒருவர் ஓட்டையைப் பற்றிக் கேட்க, மற்றவர் நிறுவனத்தின் யோக்கியதையைப் பற்றிப் பதில் சொல்வார். பத்துப் பதில் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் கேள்வியையே மறந்திருப்பார்கள்.

கோபம் ஏன் என்பதற்கு என் ஊகம் இது. பாதுகாப்பை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. பக்கம் வேகமாகத் திறக்கிறதா, மெமரியைத் தின்கிறதா என்பது உடனே தெரியும். ஆனால் விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியை நிரல் மறுபடி தொடுகிறதா, அதை வைத்து ஒருவன் உள்ளே வர முடியுமா என்பதை மூலநிரலைத் திறந்து வைத்தாலும் லட்சத்தில் ஒருவரால்தான் சொல்ல முடியும். சோதித்துப் பார்க்க முடியாத பொருளை வாங்கும்போது நாம் ஆளைப் பார்த்துதான் முடிவெடுப்போம். பிரவுசர் பாதுகாப்பிலும் அதுதான் நடக்கிறது. "மொஸில்லாவை நம்புகிறேன்", "கூகுளின் பொறியாளர்களை நம்புகிறேன்" என்பதுதான் உள்ளே இருக்கும் வாக்கியம். வெளியே வரும்போது அது "இதுதான் பாதுகாப்பான பிரவுசர்" என்று வருகிறது. அப்புறம் யாராவது அந்த பிரவுசரில் ஒரு ஓட்டையைக் காட்டினால், நம் ஆள் பார்க்கும் கண்ணையே சந்தேகித்த மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த விசுவாசம் வெறும் வீம்பில் பிறந்ததில்லை. 2001 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. அடுத்த பெரிய பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. இடையில் ஐந்து ஆண்டுகள், வலையில் உலாவியவர்களில் பெரும்பாலோர் அதையே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வலைத்தளம் உங்கள் கணினியில் நேரடியாக நிரலை நிறுவி ஓட்ட வழி செய்யும் ஆக்டிவ்எக்ஸ் என்ற வசதி அதில் இருந்தது. அதன் விளைவை நீங்களே யூகிக்கலாம். 2004 ஜூனில் ஸ்காப் என்று பெயரிடப்பட்ட தாக்குதல் நடந்தது. வலைத்தளங்களை வழங்கும் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் ஓடிய நல்ல தளங்களையே உடைத்து, அங்கே வந்துபோகிறவர்களின் எக்ஸ்ப்ளோரர் வழியாக விசைத் தட்டல்களைத் திருடும் நிரலை இறக்கினார்கள். யாரும் எதையும் சொடுக்கத் தேவையில்லை. அப்போது அதற்கு முழுமையான பேட்ச்சும், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தமும், இல்லை. அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட், வேறு பிரவுசர் பயன்படுத்துவதையும் தற்காப்பு வழிகளில் ஒன்றாகச் சொன்னது.

அதே ஆண்டு நவம்பர் 9 அன்று பயர்பாக்ஸ் 1.0 வந்தது. அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸில் அதற்கு இரண்டு பக்க விளம்பரம். பணம் போட்டவர்கள் ஏறத்தாழ 10,000 சாதாரணப் பயனர்கள். அவர்களின் பெயர்களே அந்தப் பக்கத்தை நிறைத்தன. குடும்பத்தில் கணினி தெரிந்த ஒருவர், சொந்தக்காரர்களின் கணினியில் எல்லாம் எக்ஸ்ப்ளோரரின் நீல 'e' படத்தை மறைத்துவிட்டு பயர்பாக்ஸின் நரியை வைத்துவிட்டுப் போன காலம் அது. அன்று அது சரியான ஆலோசனை. அப்படி ஊர் ஊராக நிறுவிக் கொடுத்த தலைமுறைக்கு, பயர்பாக்ஸ் என்பது தான் பங்கெடுத்த ஒரு போராட்டம். இருபது ஆண்டு கழித்து அவர்களிடம் போய் சாண்ட்பாக்ஸ் (வலைப்பக்கத்தைக் கூண்டில் அடைத்து ஓட்டும் காப்பு) பற்றிப் பேசினால் சிடுசிடுப்பு வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எண்ணிக்கைச் சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது. 2005-இன் முதல் பாதியில் மொஸில்லா பிரவுசர்களில் 25 ஓட்டைகளும் எக்ஸ்ப்ளோரரில் 13-உம் இருந்ததாகப் பாதுகாப்பு நிறுவனமான சைமென்டெக்கின் அறிக்கை சொன்னது. எக்ஸ்ப்ளோரர் அன்பர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தக் கணக்கில் வந்தவை, தயாரித்த நிறுவனமே ஒப்புக்கொண்ட ஓட்டைகள் மட்டும். ஒப்புக்கொள்ளாதவன் பட்டியலில் நல்லவனாகிவிடுவான். மறுபக்கம், அப்போது வாஷிங்டன் போஸ்டில் எழுதிக்கொண்டிருந்த பிரையன் கிரெப்ஸ் வேறு கணக்குப் போட்டார். 2006-ஆம் ஆண்டில், தாக்கும் நிரல் வெளியே உலவிக்கொண்டிருந்தும் பேட்ச் வராமல் இருந்த நாட்கள் எத்தனை என்று எண்ணினார். எக்ஸ்ப்ளோரருக்கு 284 நாள். பயர்பாக்ஸுக்கு 9 நாள்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய சண்டைகளில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடும். ஓட்டைகளின் எண்ணிக்கை, எத்தனை பேர் தேடினார்கள், கண்டதை நிறுவனம் எவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது என்பதைத்தான் அதிகம் காட்டுகிறது. ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குக் கூகுள் பணம் கொடுக்கிறது. குரோமின் பட்டியல் நீளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பயர்பாக்ஸ், உள்ளேயே கண்டுபிடித்த நினைவகப் பிழைகள் பலவற்றை ஒரே எண்ணின்கீழ் மொத்தமாகக் கட்டி வெளியிடும். அதனால் அதன் பட்டியல் சின்னதாகத் தெரியும். "இந்த ஆண்டு உங்கள் பிரவுசரில் இத்தனை" என்று யாராவது ஒரு எண்ணை வீசினால், அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். தெரிந்த ஓட்டை எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று கேளுங்கள். கிரெப்ஸ் கேட்டது இன்றும் நல்ல கேள்வி.

2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது ஆட்டமே மாறியது. அதுவரை பிரவுசர் என்பது பெரும்பாலும் ஒரே பெரிய நிரலாக ஓடும். ஒரு பக்கத்தைக் கையாளும் பகுதியை உடைத்தால் உங்கள் கோப்புகள் வரை கை எட்டிவிடும். குரோம் வலைப்பக்கங்களைத் தனித்தனிப் பிராசஸில் (தனக்கென்று நினைவகத்தோடு தனியாக ஓடும் நிரலில்) ஓட்டி, அவற்றிடமிருந்து அதிகாரங்களைப் பிடுங்கிவிட்டது. பக்கத்தை வரைந்து காட்டும் பிராசஸால் தானாக ஒரு கோப்பைத் திறக்கவோ எழுதவோ முடியாது. மையப் பிராசஸிடம் கேட்க வேண்டும், அது மறுத்துவிடலாம். ஆக, தாக்குபவனுக்கு ஓர் ஓட்டை போதாது: உள்ளே வர ஒன்று, இந்தச் சாண்ட்பாக்ஸை விட்டு வெளியே போக இன்னொன்று. கனடாவின் வான்கூவரில் நடந்துவந்த போன்2ஓன் என்ற ஹேக்கிங் போட்டியில் 2009, 2010, 2011 மூன்று ஆண்டும் குரோம் விழவில்லை. 2012-இல் பிரான்சின் வூப்பென் குழு அதையும் உடைத்தது.

அந்தப் போட்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "சஃபாரி சில நொடிகளில் விழுந்தது" என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரு கூட்டம் துள்ளும். மேடையில் ஆன நேரம்தான் அது. அந்த ஓட்டையைத் தேடி, தாக்கும் நிரலை எழுதிக்கொண்டு வர வாரங்களோ மாதங்களோ ஆகியிருக்கும். எந்தப் பிரவுசரை முதலில் அடிப்பது என்பதைப் பரிசுத் தொகையும் சீட்டுக் குலுக்கலும்கூடத் தீர்மானிக்கும். நொடிக் கணக்கை வைத்துப் பிரவுசரை எடை போட முடியாது. ஆனால் 2016-இல் நடந்தது வேறு: அந்த ஆண்டு இலக்குப் பட்டியலில் பயர்பாக்ஸே இல்லை. அண்மையில் பாதுகாப்பைப் பெரிதாக வலுப்படுத்திய பிரவுசர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். விசுவாசிகள் இதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் அது நேர்மையான மதிப்பீடு. குரோம் 2008-இல் பிறக்கும்போதே கொண்டுவந்த பல பிராசஸ் அமைப்பு, பயர்பாக்ஸின் பொதுப் பயனர்களுக்கு 2016 ஆகஸ்டில், 48-ஆம் பதிப்பிலிருந்துதான் படிப்படியாக வரத் தொடங்கியது.

ஏன் எட்டு ஆண்டு? திறமை இல்லாமல் இல்லை. பயர்பாக்ஸின் பழைய நீட்சிகள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்களான எக்ஸ்டென்ஷன்கள், எக்ஸ்யூஎல் என்ற அமைப்பில் எழுதப்பட்டவை. ஒரு நீட்சி பிரவுசரின் எந்த உறுப்பையும் தொடலாம், வளைக்கலாம், தூக்கி எறியலாம். டேப்களைப் பக்கவாட்டில் மரம்போல அடுக்குவது, மெனுவையே புதிதாக எழுதுவது எல்லாம் அதனால்தான் முடிந்தது. மற்ற எந்தப் பிரவுசரிலும் இல்லாத அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் தீவிர ரசிகர்கள் பயர்பாக்ஸில் இருந்தார்கள். ஆனால் எல்லாம் ஒரே பிராசஸில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நீட்சிகள், பிராசஸ்களைப் பிரித்தால் உடையும். எதையும் தொடலாம் என்ற அந்த அனுமதியே ஒரு பெரிய ஓட்டை என்பது வேறு. ஆக, பயர்பாக்ஸ் பாதுகாப்பில் பின்தங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் அதன் மிக விசுவாசமான பயனர்கள்தான். அவர்களை இழக்கப் பயந்து மொஸில்லா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பில் பழைய நீட்சிகளை ஒரேயடியாக வெட்டியபோது, "பயர்பாக்ஸ் செத்துவிட்டது" என்று ஒரு கூட்டம் கிளம்பிப் போனது. அவர்களில் சிலர் போய்ச் சேர்ந்த பேல் மூன் என்ற பிரவுசர், பழைய எக்ஸ்யூஎல் வழியையும் ஒரே பிராசஸ் அமைப்பையும் இன்றும் பெருமையாகவே வைத்திருக்கிறது. விசுவாசத்துக்காகப் பாதுகாப்பைக் கொடுத்தது என்று சொல்ல இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் வெளியானபோது இந்த இடைவெளி இன்னொரு முறை தெரிந்தது. பிராசஸரின் வேலை முறையிலேயே இருந்த பலவீனம் அது. ஒரே பிராசஸில் ஓடும் இரண்டு தளங்களில் ஒன்று மற்றொன்றின் தகவலைப் படித்துவிட வழி உண்டு. ஒவ்வொரு தளத்தையும் தனிப் பிராசஸில் பூட்டுவதுதான் உறுதியான தடுப்பு. குரோம் அதைக் கணினிப் பயனர்களுக்கு 2018-இல் 67-ஆம் பதிப்போடு இயல்பாகவே போட்டுவிட்டது. பயர்பாக்ஸின் அதே மாதிரி ஏற்பாடான ஃபிஷன், 2021 இறுதியில்தான் கணினிகளுக்குப் பரவலாக வந்தது; ஆண்ட்ராய்டுக்கு அப்போதும் வரவில்லை. இடையில் மூன்றரை ஆண்டு. அந்தக் காலத்தில் "இரண்டும் ஒன்றுதான்" என்று அடித்துப் பேசியவர்கள் தவறாகத்தான் பேசினார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. குரோமின் அடித்தளமான குரோமியம் என்ற திறந்த மூலநிரலின் தீவிரமான பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று 2020-இல் குரோம் குழுவே சொன்னது. மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களுக்கு அதற்கு முந்தைய ஆண்டு சொன்ன எண்ணும் அதுவே. பிரவுசர்கள் பெரும்பாலும் எழுதப்படும் சி++ மொழியின் பரம்பரை நோய் இது. அதற்கு மருந்தாக வந்த ரஸ்ட் மொழியை வளர்த்து ஆளாக்கியது மொஸில்லா. பயர்பாக்ஸ் 57-இல் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் எஞ்சின் ரஸ்ட்டில்தான் எழுதப்பட்டது. வெளியாரின் நூலகங்களை பிரவுசருக்குள்ளேயே கூண்டில் அடைக்கும் ஆர்எல்பாக்ஸ் நுட்பம் 2021 டிசம்பரில் பயர்பாக்ஸில் பரவலாக வந்தது. சாண்ட்பாக்ஸில் தாமதம், அடிப்படையில் முன்னோடி. இந்த மாதிரி கலவையான தீர்ப்பை எந்தக் கட்சியும் கொடியில் எழுதிக்கொள்ளாது.

சரி, பிராண்டை மறந்துவிட்டு ஒரே ஓர் ஓட்டையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 2023 செப்டம்பரில், வெப்பி வகைப் படங்களைப் பிரித்துக் காட்டும் லிப்வெப்பி நூலகத்தில் ஒரு பிழையை ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகமான சிட்டிசன் லேபும் கண்டு சொன்னார்கள். படத்தைச் சுருக்கப் பயன்படும் ஹஃப்மன் அட்டவணைகளை விரிக்கும்போது, தாறுமாறாகச் செய்யப்பட்ட ஒரு படக் கோப்பு, ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதிவிடும். படம் திரையில் வந்தால் போதும். இந்த நூலகத்தை எழுதியது கூகுள், பயன்படுத்தியது எல்லாரும். குரோம், எட்ஜ், பிரேவ், பயர்பாக்ஸ் மட்டுமில்லை, குரோமியத்தை உள்ளே வைத்து இயங்கும் எலக்ட்ரான் அடிப்படையில் எழுதப்பட்ட எத்தனையோ அரட்டை மென்பொருள்களும்தான். குரோம் செப்டம்பர் 11 அன்று சரி செய்தது, பயர்பாக்ஸ் 12 அன்று. எந்த முகாமில் இருந்தாலும் அந்த வாரம் உங்கள் பிரவுசரில் அதே ஓட்டைதான். தப்பித்தவர் யார் என்றால், 13-ஆம் தேதிக்குள் பிரவுசரை மூடித் திறந்தவர்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குரோமியம், பயர்பாக்ஸ் இரண்டும் திறந்த மூலநிரல். சரி செய்த வரி பொதுவில் வந்ததும், என்ன ஓட்டை இருந்தது என்று திறமையுள்ளவன் பின்னோக்கிப் படித்துவிடுவான். திருத்தம் எழுதப்பட்ட நேரத்துக்கும் உங்கள் கணினியில் அது செயல்படும் நேரத்துக்கும் நடுவே இருப்பதுதான் அவனுக்கான ஜன்னல். அதைக் குறுக்கத்தான் கூகுள் 2023 ஆகஸ்டில், 116-ஆம் பதிப்பிலிருந்து, வாராவாரம் பாதுகாப்பு அப்டேட் விடத் தொடங்கியது. 2024 அக்டோபரில் பயர்பாக்ஸின் அனிமேஷன் பகுதியில் இருந்த, நிஜமாகவே தாக்குதலுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த ஓர் ஓட்டையை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் சொன்னதும், 25 மணி நேரத்தில் மொஸில்லா பேட்ச் வெளியிட்டது. இரண்டு தரப்பும் ஓடித்தான் வேலை செய்கின்றன. அவர்கள் ஓடி முடித்த பிறகு மிச்சமிருப்பது உங்கள் பகுதி. குரோமின் வலது மேல் மூலையில் அப்டேட் அடையாளம் பச்சையாக வந்தால் திருத்தம் வந்து இரண்டு நாளுக்குள் என்று பொருள். ஆரஞ்சு என்றால் ஏறத்தாழ நான்கு நாள். சிவப்பு என்றால் ஒரு வாரத்துக்கு மேல். அறுபது டேப் திறந்து வைத்துக்கொண்டு, சிவப்பு அடையாளத்தை மாதக்கணக்கில் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்துகொண்டு, அந்தப் பிரவுசரின் சாண்ட்பாக்ஸ் உயர்வைப் பற்றி மற்றவருக்குப் பாடம் எடுப்பவர்கள் உண்டு.

குரோமியத்தையோ பயர்பாக்ஸையோ எடுத்து, நாலு பேர் சேர்ந்து மாற்றி வெளியிடும் சின்ன பிரவுசர்களிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: மூலத்தில் திருத்தம் வந்து எத்தனை நாளில் உங்களுக்கு வருகிறது? சிலர் அதே நாளில் விடுகிறார்கள், சிலர் வாரக்கணக்கில் எடுக்கிறார்கள். தனியுரிமைக்கு என்று விளம்பரம் செய்துகொண்டு வாரக்கணக்கில் தாமதிப்பதை நான் தொடமாட்டேன்.

நீட்சிகளுக்கு வருவோம். என்னைக் கேட்டால், சாதாரணப் பயனருக்குப் பிரவுசரின் உள்ளே இருக்கும் ஓட்டைகளைவிட இதுதான் பெரிய தொல்லை. "நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்கும். நாம் படிக்காமலே சரி என்போம். அதன்பின் எந்த சாண்ட்பாக்ஸும் காப்பாற்றாது. கதவைத் திறந்து விட்டதே நாம்தான். தி கிரேட் சஸ்பெண்டர் என்று பெயர்பெற்ற ஒரு நீட்சி 2020-இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீய நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. 2024 கிறிஸ்துமஸ் நேரத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்சியே, பணியாளர் ஒருவர் போலி மின்னஞ்சலுக்கு ஏமாந்ததால், திருட்டு நிரலோடு பயனர்களுக்குப் போனது. அப்டேட் தானாக வரும் என்ற நல்ல விஷயமே இங்கே தாக்குபவனுக்கு வண்டி.

நீட்சிகளுக்கான புதிய விதியான மேனிஃபெஸ்ட் வி3 பற்றி நடந்த சண்டையில் இரண்டு தரப்பும் பாதி உண்மையைத்தான் பேசின. நீட்சிகளின் அதிகாரத்தைக் குறைப்பது பாதுகாப்புக்கு நல்லது என்று கூகுள் சொன்னதில் பொருள் உண்டு. அதே விதியால் யுபிளாக் ஆரிஜின் என்ற மிகச் சிறந்த விளம்பரத் தடுப்பு குரோமில் ஓட முடியாமல் போனதும், விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனத்துக்கு அது கசக்கவில்லை என்பதும் உண்மை. விளம்பரத் தடுப்பு வெறும் சொகுசு என்று நினைக்காதீர்கள். தேடல் விளம்பரங்களில் போலித் தளங்களை ஏற்றி ஏமாற்றுவது பெருகியதால், விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பே மக்களுக்கு அறிவுரை சொன்னது. பயர்பாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் முழு வலுவோடு ஓடுகிறது. போலித் தளமும் திருட்டு விளம்பரமும்தான் உங்கள் கவலை என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே பயர்பாக்ஸ் உங்களுக்குப் பாதுகாப்பானதாக இருக்கலாம், சாண்ட்பாக்ஸில் ஓரடி பின்னால் இருந்தாலும்.

மூன்றாவது நண்பரின் பிரேவ்? நல்ல பிரவுசர்தான். குரோமியத்தின் கட்டுமானம் அப்படியே இருக்கிறது, விளம்பரத் தடுப்பு உள்ளேயே வருகிறது. ஆனால் 2020 ஜூனில், கிரிப்டோ சந்தை முகவரியைத் தட்டச்சு செய்தவர்களுக்குத் தன் கமிஷன் குறியீட்டை ஒட்டி முகவரியை நிரப்பிக் கொடுத்து மாட்டிக்கொண்டது. மொஸில்லாவும் லேசுப்பட்டது இல்லை: 2017 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத்துக்காக, கேட்காமலே பயனர்களின் பிரவுசரில் ஒரு நீட்சியை இறக்கியது. 2025 பிப்ரவரியில் புதிய பயன்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தபோது, உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம் என்ற பழைய வாக்குறுதியைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, பிறகு நாட்கணக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த மூன்று சம்பவத்திலும் ரசிகர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். தன் கட்சி செய்தால் "சின்னத் தவறு, உடனே திருத்திவிட்டார்கள்". எதிர்க்கட்சி செய்தால் "அவர்களின் உண்மை முகம்". விவாதத்தில் யாரையாவது நம்பலாமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: அதே காரியத்தை மற்ற பிரவுசர் செய்திருந்தால் இவர் இதே சொல்லைச் சொல்லியிருப்பாரா?

விசுவாசத்தால் ஒரு நன்மையும் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஓபரா 2013-இல், வலைப்பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டுக் குரோமியத்துக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் எட்ஜை அதே அடித்தளத்தில் விட்டது. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி எல்லாவற்றிலும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது வி8 என்ற ஒரே எஞ்சின். அதில் ஓர் ஓட்டை என்றால் ஐந்திலும் ஓட்டை. குரோமிலிருந்து பிரேவுக்கு மாறிய ஒருவர் எஞ்சின் அளவில் எங்கும் போகவில்லை. ஐபோனில் எந்தப் பெயரில் பிரவுசர் இறக்கினாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான். 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தின் கட்டாயத்தால் அந்தக் கதவு திறந்தது. மிஞ்சியிருக்கும் மூன்று பெரிய எஞ்சின்களில் (குரோமியத்தினுடையது, வெப்கிட், கெக்கோ), பெரும் தொழில்நுட்ப நிறுவனம் எதற்கும் சொந்தமில்லாதது பயர்பாக்ஸின் கெக்கோ மட்டும். மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம் என்பது இதில் உள்ள கசப்பான வேடிக்கை. வலை ஒரே கைக்குள் போய்விடக்கூடாது என்பதற்காகப் பயர்பாக்ஸில் இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. அது நேர்மையான காரணம். ஆனால் அதைத் தொழில்நுட்பப் பாதுகாப்பு என்று வேஷம் போட்டு, விவரம் தெரியாதவரிடம் விற்கக் கூடாது.

உங்களுக்கு வருகிறேன். அரசோ கூலிக்கு உளவு மென்பொருள் விற்கும் நிறுவனமோ குறிவைக்கக்கூடிய ஆளாக நீங்கள் இருந்தால், பத்திரிகையாளர், வழக்கறிஞர், செயற்பாட்டாளர் என்று, குரோமிலேயே இருங்கள், நீட்சி எதுவும் வேண்டாம். ஐபோன் வைத்திருந்தால் 2022-இல் ஐஓஎஸ் 16-ஓடு வந்த லாக்டவுன் மோடைப் போடுங்கள். சில தளங்கள் மெதுவாகும், சில உடையும், பரவாயில்லை. வங்கி, கடை, செய்தி, காணொளி என்று போகும் சாதாரண வாழ்க்கை என்றால், விளம்பரத் தடுப்போடு பயர்பாக்ஸ், அல்லது பிரேவ், எதுவானாலும் சரி. இப்போது குரோமில் வசதியாக இருக்கிறீர்கள், கூகுள் பார்ப்பது உங்களை உறுத்தவில்லை என்றால் மாறவே வேண்டாம். நீட்சிகளின் பட்டியலைத் திறந்து, எப்போது போட்டோம் என்றே நினைவில்லாதவற்றை எடுத்துவிடுங்கள், அது போதும்.

மாறுவதாக முடிவு செய்தால் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். புதிய பிரவுசரே பழையதிலிருந்து பாஸ்வேர்டுகளை நேரடியாக எடுத்துக்கொண்டால் நல்லது. அது முடியாமல் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்ய நேர்ந்தால், அந்தக் கோப்பில் உங்கள் பாஸ்வேர்டுகள் அத்தனையும் எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். புதிய இடத்தில் ஏற்றியதும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அந்த ஃபோல்டர் கிளவுடில் தானாக ஏறும்படி அமைத்திருந்தால், அங்கேயும் ஒரு நகல் இருக்கும்.